அந்தக் கால இரவு ரயில்களின் பெட்டி வரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழும்பூரிலிருந்தும் சென்ட்ரலிலிருந்தும் ராத்திரியில் கிளம்பிய வண்டிகளைப் பற்றி நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராக இருந்த பாதைகளின் காலத்துச் சங்கதி. நான் ரயில்வே ஊழியன் அல்ல. அப்பாவின் மாற்றல்களால் வருஷத்துக்கு நாலு தடவையாவது ராத்திரி வண்டி ஏறி வளர்ந்தவன், அவ்வளவுதான்.

ரேக், ஃபார்மேஷன், பெட்டி வரிசை எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய. சேர்ந்தே ஓடும் பெட்டிகளின் தொகுப்பு ரேக். எஞ்சின் அதில் சேராது. அந்த ரேக்கில் எதற்கு அடுத்து எது என்பதுதான் ஃபார்மேஷன், அதாவது பெட்டி வரிசை. காலையில் ஊர் வந்து சேர்ந்த ரேக், யார்டில் கழுவித் துடைக்கப்பட்டு, சாயங்காலம் வேறு பெயர்ப் பலகையோடு வேறு ஊருக்குக் கிளம்புவதும் உண்டு.

இன்னொன்று: நாம் பேச்சில் பெட்டியைப் 'போகி' என்கிறோம். பணிமனையில் இருப்பவர்களுக்குப் போகி என்றால் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைப் பிடித்திருக்கும் சட்டம். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. குழப்பம் வேண்டாம், இங்கே பெட்டி என்றே எழுதுகிறேன்.

எழும்பூரில் நின்ற ஒரு மீட்டர் கேஜ் இரவு எக்ஸ்பிரஸ் பார்க்க எப்படி இருக்கும்?

பாண்டியன், ராக்ஃபோர்ட், முத்துநகர், நெல்லை, கொல்லம் மெயில் என்று எதை எடுத்தாலும் பொதுவான அமைப்பு ஒன்றுதான். எஞ்சின் பக்கத்திலிருந்து நடந்து போவோம்.

எஞ்சினுக்கு அடுத்தது பாதி லக்கேஜ், பாதி ஜனம் ஏறும் பெட்டி. மீன் கூடை, பார்சல் சைக்கிள், சணல் கட்டிய மூட்டை எல்லாம் அதில். அடுத்து முன்பதிவில்லாத ஜெனரல் பெட்டிகள். இங்கே வண்டி பிளாட்பாரத்துக்கு வருவதற்கு முன்பே வரிசை நின்றிருக்கும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே பறக்கும். துண்டு விழுந்த இடம் அவருடையது. அதற்குச் சட்டம் கிடையாது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். ஜன்னலில் குறுக்குக் கம்பி போடாத பெட்டியாக இருந்தால் துண்டுக்குப் பின்னாலேயே பையனும் உள்ளே போவான்.

அதைத் தாண்டினால் மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் வாசலுக்குப் பக்கத்திலும் பசை தடவி ஒட்டிய சார்ட். பசை இன்னும் ஈரமாக இருக்கும்; விரலை வைத்துப் பெயர் தேடினால் மை ஒட்டிக்கொள்ளும். நடுவில், ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே வருகிற மாதிரி, முதல் வகுப்பு. அதன் பக்கத்தில் கூட்டமே இராது. அதற்கப்புறம் மறுபடி படுக்கைப் பெட்டிகள், மறுபடி ஜெனரல், கடைசியில் கார்டு இருக்கும் பெட்டி.

அகலப் பாதையான பிராட் கேஜில் சென்ட்ரலிலிருந்து கிளம்பிய நீலகிரி, சேரன் போன்ற வண்டிகளும் இதே இலக்கணம்தான். பெட்டி அகலமாக இருக்கும், எண்ணிக்கை கூடும்.

ஏன் ஜெனரல் இரண்டு முனையிலும், முதல் வகுப்பு நடுவிலும்?

ரயில்வேயைக் கேட்டால் கூட்டத்தைப் பிரிக்க என்பார்கள். அது உண்மை. எல்லா ஜெனரல் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த மூலையில் நெரிசலில் ஆள் விழும். முன்னால் பாதி, பின்னால் பாதி என்றால் கூட்டமும் பாதி பாதி. அப்புறம், படுக்கைப் பெட்டிகளுக்கு நடுவே ஜெனரலைச் செருகினால் அதன் கூட்டம் இரண்டு பக்கமும் வழிந்து நடைபாதையை அடைத்துவிடும்.

ஆனால் இது பாதிக் கதை. நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில்தான் கரித்தூள் கண்ணில் விழும், ஊதல் காதைப் பிளக்கும். ஸ்டேஷன் வாசலிலிருந்து அதிகம் நடக்க வேண்டியதும் முனைப் பெட்டிகளுக்குத்தான். விபத்து என்று வந்தால் முதலில் அடிபடுவதும் அவைதான். 1956 நவம்பர் 23 விடியற்காலை அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பழுதாகி, சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான்.

பாதுகாப்புக்கென்று வரிசையில் விதிகளும் இருந்தன. மோதலில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் தொலைநோக்கிக் குழாய் மாதிரி நுழைந்துவிடும். மர உடல் பெட்டிகளில் இது கொடூரமாக நடந்தது. அதனால் மரப் பெட்டிகளை உள்ளே தள்ளி, உருக்கு உடல் பெட்டிகளை முனைகளில் வைத்தார்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பில் முழு உருக்குப் பெட்டிகளைக் கட்டித் தள்ளத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கவலை மெல்லக் குறைந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஜி.எஸ்.சி.என்., எஸ்.எல்.ஆர். எல்லாம் என்ன?

சின்ன வயதில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று இன்றும் எனக்கு வருத்தம். ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. முதலில் டபிள்யூ. வந்தால் பெட்டிக்குப் பெட்டி நடக்க வழி இருக்கிறது. ஜி. என்றால் தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் பெட்டி. எஸ். இரண்டாம் வகுப்பு, எஃப். முதல் வகுப்பு, ஏ.சி. உங்களுக்கே தெரியும். முடிவில் சி.என். என்று சேர்ந்து வந்தால் மூன்றடுக்குப் படுக்கை, சி.டபிள்யூ. இரண்டடுக்கு, சி.இசட். உட்காரும் சேர் கார். ஒய். இருந்தால் பெண்களுக்கு ஒதுக்கிய பகுதி உண்டு.

எஸ்.எல்.ஆர். என்பதில் எஸ். இரண்டாம் வகுப்பு, எல். லக்கேஜ், ஆர். கார்டின் பிரேக் வேன். அதற்கு வேறு விரிவாக்கங்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பிற்பாடு இட்டுக்கட்டியவை.

மூன்றாம் வகுப்பில் படுக்கை இருந்ததா?

நெடுங்காலம் இல்லை. மரப் பலகையில் உட்கார்ந்து, தலையை ஜன்னல் கட்டையில் சாய்த்து, விடிய விடியப் போக வேண்டியதுதான். சுதந்திரத்துக்கு முன்பு முதல், இரண்டாம், இன்டர், மூன்றாம் என்று நான்கு வகுப்பு. 1955இல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்புக்கு முதல் என்றும் இன்டருக்கு இரண்டாம் என்றும் பெயர் மாற்றினார்கள். மூன்றாம் வகுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது 1974இல்தான் ஒழிந்தது, அதாவது இரண்டாம் வகுப்பு என்று பெயர் வாங்கியது. பலகை அதே பலகைதான்.

மூன்றாம் வகுப்புப் படுக்கைப் பெட்டிகள் 1950களில் வரத்தொடங்கின. படுக்கைக்குத் தனியாகக் காசு. இடையில் இரண்டடுக்கு என்று ஒரு விசித்திரப் பெட்டி ஓடியது, இப்போதைய ஏ.சி. இரண்டடுக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கீழே ஆட்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வருவார்கள், மேலே பெர்த்தில் ஒருவர் நீட்டிப் படுத்திருப்பார். கீழே இருப்பவர் தூங்கி விழுந்தால் பக்கத்து ஆள் தோள்தான். மேலே இருப்பவர் இறங்கும்போது யாராவது ஒருவர் மடியில் கால் வைக்காமல் இறங்கியதை நான் பார்த்ததில்லை.

பலகைக்கு மெத்தை வந்தது 1977க்குப் பிறகு. அப்போதைய ரயில்வே அமைச்சர் மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் போடச் சொன்னார். நம் ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் எனக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஆளுக்கொரு ஹோல்டால் சுமந்ததெல்லாம் அந்தப் பலகையால்தான். தலையணை, போர்வை, அம்மாவின் மாற்றுப் புடவை எல்லாம் உருட்டி, இரண்டு தோல் வாரால் இறுக்கிக் கட்டி, குடும்பத்தில் இளைத்தவன் தலையில் ஏற்றுவார்கள். என் தலை அது.

கூபே என்றால் என்ன?

முதல் வகுப்பில் இரண்டே பெர்த் உள்ள குட்டி அறை. நான்கு பெர்த் உள்ளது கேபின். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கல்யாணமானவர்கள் கூபே கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். அது ஒரு அமைச்சரின் உதவியாளருக்குப் போய்விட்டது என்று சார்ட் பார்த்ததும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது என்கிறார்களே?

ஆமாம். பெட்டிகளுக்கு நடுவே பாலம் போன்ற இணைப்பு எல்லா வண்டிக்கும் வந்தது பிற்பாடு. பழைய முதல் வகுப்புப் பெட்டிகளில் நடைபாதைகூடக் கிடையாது; ஒவ்வொரு அறைக்கும் பிளாட்பாரம் பக்கம் தனிக் கதவு. டைனிங் கார் உள்ள வண்டியில் சாப்பிட வேண்டுமானால், ஒரு ஸ்டேஷனில் இறங்கி டைனிங் காரில் ஏற வேண்டும், சாப்பிட்டு முடித்து அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். துரைமார் அறைக்குப் பக்கத்தில் அவர்கள் வேலையாட்களுக்கென்று ஒரு சின்ன அறை இருந்ததும் இதனால்தான். டிக்கெட் பரிசோதகருக்கும் இதே பாடு: ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஏறுவார்.

நடு ராத்திரியில் பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவார்களாமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரே வண்டியில் இரண்டு ஊருக்கான பெட்டிகள் சேர்ந்து போகும். சந்திப்பு ஸ்டேஷன் வந்ததும் பிரியும். ஊருக்கு ஒரு வண்டி விடும் அளவுக்கு ஜனம் இல்லாதபோது, நாலைந்து பெட்டியை மட்டும் அனுப்பும் சிக்கனம் இது. 1929இல் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை இப்படித்தான் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெட்டிகள் போயின. நான்கு நாளுக்கு மேல் பயணம்.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் போன இடம் வாஞ்சி மணியாச்சி. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி கிளம்பும் நாகர்கோவில் வண்டியில் தூத்துக்குடிப் பெட்டிகளும் சேர்ந்து வந்தன. மணியாச்சியில் விடியலுக்கு முன்பு பிரிப்பார்கள். படுத்திருந்தால் முதலில் ஒரு சின்ன இடி. அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும். வெளியே டார்ச் வெளிச்சத்தோடு ஒருவர் தண்டவாளத்தில் இறங்கி, பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, பிரேக் குழாயைக் கழற்றுவார். குழாயிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. திருகு கப்ளிங்கைத் தளர்த்தும் இரும்புச் சத்தம். விசில். அப்புறம் உங்களோடு பேசிக்கொண்டிருந்த பாதி வண்டி இருட்டில் நகர்ந்து போய்விடும்.

என் சித்தப்பா ஒரு தடவை இதில் மாட்டினார். நாகர்கோவில் போக வேண்டியவர், சீட்டாட்டத்துக்கு ஆள் கிடைத்ததென்று தூத்துக்குடிப் பெட்டிக்குப் போனார். ஆட்டம் முடிந்து அங்கேயே காலி பெர்த்தில் சாய்ந்துவிட்டார். சித்தி நாகர்கோவிலில் இறங்கி, பெட்டி படுக்கையோடும் இரண்டு குழந்தைகளோடும் நிற்கிறாள். இவர் பனியனோடு தூத்துக்குடியில். குடும்பத்தில் இன்றும் யாராவது காணாமல் போனால் "மணியாச்சியில் கழற்றிட்டாங்களா?" என்றுதான் கேட்போம்.

மணியாச்சிக்கு இதைவிடப் பெரிய கதை உண்டு. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷ் உட்கார்ந்திருந்தார். இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலின் இணைப்புக்காக வண்டி காத்து நின்ற அந்த நேரத்தில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். நடைபாதையோ காவலாளியோ இல்லாமல், பிளாட்பாரத்திலிருந்து நேரே அறைக்குள் ஏறிவிடலாம் என்ற அந்தக் காலப் பெட்டி அமைப்பை மனதில் வைத்துப் பார்த்தால் காட்சி தெளிவாகும்.

போட் மெயிலின் பெட்டிகள் கப்பலில் ஏறி இலங்கைக்குப் போனதா?

இல்லை. பலரும் அப்படி நம்புகிறார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே பயணிகள் பெட்டி படுக்கையோடு இறங்கி, இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்களில் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார்கள். அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில். டிக்கெட் மட்டும் ஒன்றே. பெட்டியே போயிருந்தாலும் பயனில்லை: இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் பிராட் கேஜ். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரமே கடைசி ஸ்டேஷன் ஆனது.

பெட்டியே கப்பலில் ஏறிய வண்டி வேறு இடத்தில் இருந்தது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே 1936 முதல் 1980 வரை ஓடிய 'நைட் ஃபெர்ரி'. டோவரில் படுக்கைப் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளி, சங்கிலியால் கட்டுவார்கள், டன்கிர்க்கில் இறக்குவார்கள். பயணி தூங்கிக்கொண்டே கடல் கடக்கலாம் என்பது ஏற்பாடு. அந்தச் சங்கிலிச் சத்தத்தில் தூக்கம் கலைந்ததாகத்தான் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மெயில், எக்ஸ்பிரஸ் என்ன வித்தியாசம்?

அந்தக் காலத்தில் மெயில் என்றால் தபால் பெட்டி கட்டாயம் இருந்தது. ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் சேவை ஊழியர்கள் ராத்திரி முழுக்க உள்ளே நின்று, புறாக்கூண்டு போன்ற மாடத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பார்கள். பெட்டியின் பக்கத்தில் ஒரு துவாரம். கூடுதல் தபால்தலை ஒட்டினால் வண்டி கிளம்பும் முன் அதிலேயே கடிதம் போடலாம். பெயர் இன்னும் நிற்கிறது. வேகத்தில் இன்று பெரிய வித்தியாசம் இல்லை.

விழுப்புரத்தில் ஏன் அவ்வளவு நேரம் நின்றது?

எஞ்சின் மாற்ற. 1960களின் நடுவில் சென்னை–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது. ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்.1 மின் எஞ்சின்கள், மொத்தமே இருபது, அதுவரை இழுத்து வரும். அதற்கப்பால் கம்பி கிடையாது. நீராவி, பிற்பாடு டீசல். விருத்தாசலம் வழிக் குறுக்குப் பாதையான கார்டு (chord) லைனும், கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழி மெயின் லைனும் பிரிவதும் அங்கேதான். நமக்கென்ன, டீ குடிக்க நேரம் கிடைத்தது.

வண்டி நின்றால் லைட் மங்கியது ஏன்?

சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோ சுற்றும். அதுதான் மேலே சொன்ன 'ஜி'. வண்டி ஓடும்போது பேட்டரி நிறையும், நின்றால் பேட்டரிதான் எரிக்க வேண்டும். பேட்டரி பழசென்றால் பல்பு மஞ்சளாகி, ஃபேன் தளர்ந்துவிடும். சீப்பை உள்ளே விட்டு ஃபேன் இறக்கையைத் தள்ளிவிடும் வித்தை அப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஏ.சி. பெட்டி எப்போது வரிசைக்குள் வந்தது?

இந்தியாவில் ஏ.சி. பெட்டி 1930களிலேயே உண்டு, ஆனால் மிகச் சிலருக்கு. ஏ.சி. இரண்டடுக்கு 1970களின் கடைசியில், மூன்றடுக்கு 1993இல். மூன்றடுக்கு வந்த பிறகுதான் சாதாரண முதல் வகுப்புக்கு அழிவுகாலம்: ஏறக்குறைய அதே காசுக்கு ஏ.சி. கிடைக்கும்போது ஜன்னல் வழித் தூசியை யார் வாங்குவார்கள்? நான் வாங்குவேன். ஆனால் கேட்கவில்லை.

பழைய வண்டிகளில் பெட்டி குறைவாக இருந்தது ஏன்?

முக்கியக் காரணம் வேக்குவம் பிரேக். குழாயில் காற்றை உறிஞ்சி வைத்து இயங்கும் முறை. வண்டி நீள நீளக் கசிவு கூடும், வால்பக்கத்தில் பிரேக் பிடிப்பதும் விடுவதும் தாமதமாகும். அழுத்தக் காற்று பிரேக் வந்ததும் 24 பெட்டி வரை சாத்தியமானது. இப்போது எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்புப் புதுவகைப் பெட்டிகள் கொண்ட வண்டிகளில் 22 என்று குறைந்ததற்குக் காரணம் வேறு: அந்தப் பெட்டி நீளம் அதிகம். 24 ஐ.சி.எஃப். பெட்டி பிடிக்கும் பிளாட்பாரத்தில் 22 எல்.எச்.பி.தான் நிற்கும். ஆனால் படுக்கைப் பெட்டியில் 72க்குப் பதில் 80 பெர்த்.

72 பெர்த்தில் என்னுடையது மேலா கீழா என்று எப்படிக் கணக்கிடுவது?

எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். 2007 வாக்கில் சைடிலும் ஒரு நடுப் பெர்த்தைச் செருகி 81 ஆக்கினார்கள். படுத்தவர் புரள முடியாது, உட்கார்ந்தவர் நிமிர முடியாது. 2009இல் எடுத்துவிட்டார்கள்.

பழைய பெட்டிகளை இன்று எங்கே பார்க்கலாம்?

சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் சில நிற்கின்றன. ஓடும் மீட்டர் கேஜ் வேண்டுமானால் மேட்டுப்பாளையம்–ஊட்டி. ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் போய்க் காலையில் மாறிக்கொள்ளலாம், இப்போதும். அங்கே மேட்டுப்பாளையத்திலேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எஞ்சின் முன்னால் இராது, கீழ்ப்பக்கத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். முதல் பெட்டியின் முன்முனையில் பிரேக்ஸ்மேன் நின்றிருப்பார். இடம் கிடைத்தால் அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள்.